வலைக்குண்டும் யுரேனியமும்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், நம் கடல்நீரிலும் யுரேனியம் கரைந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த இதழ் முழுவதும். முப்பத்தொரு வருடம் வேதியியல் நடத்திவிட்டுப் பாம்பனில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு நல்ல வேலை கொடுத்தீர்கள். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

*

ஐயா, இயற்கையில் கிடைக்கும் தனிமங்களில் யுரேனியம்தான் மிகக் கனமானது என்று படித்தேன். தங்கத்தைவிடவுமா?
— பிளஸ் ஒன் மாணவி, மண்டபம்

நீங்கள் படித்தது அணுவின் எடையை, பாப்பா. கைக்குத் தெரியும் கனம் வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு, நானும் குழம்பியவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அணு எடை அட்டவணையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, தங்கத்தைவிட ஈயம் கனம் என்று வகுப்பில் சொல்லிவிட்டேன். அட்டவணையில் ஈயம் 207, தங்கம் 197. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு வலைக்காரர் வீட்டுப் பையன் எழுந்து, "சார், ஈயக்குண்டும் தூக்கியிருக்கிறேன், எங்கள் அம்மா தாலியையும் அடகுக்கடைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அப்படி இல்லை சார்" என்றான். உட்காரடா என்று அதட்டினேன். அன்று இரவு அடர்த்தி அட்டவணையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் அவனிடம்தான் முதலில் போனேன்.

வலையின் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிராம் என்று வைப்போம். அதே அச்சில், அதே அளவில், வேறு உலோகங்களை வார்த்தால் எடை இப்படி வரும்: அலுமினியம் 12 கிராம், இரும்பு 35, யுரேனியம் 84, தங்கம் 85, ஆஸ்மியம் கிட்டத்தட்ட 100. அணுவில் யுரேனியம் 238, ஆஸ்மியம் 190 மட்டுமே. ஆனாலும் கையில் வைத்தால் ஆஸ்மியக் குண்டுதான் இழுக்கும். காரணம், அணுக்கள் எவ்வளவு நெருக்கி உட்கார்ந்திருக்கின்றன என்பதில் இருக்கிறது. ஆஸ்மியத்தில் திருவிழாக் கூட்டத்து பஸ் மாதிரி நெருக்கம். யுரேனியத்தில் ஆள் பெரியவர், ஆனால் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருப்பார். இன்னும் வேடிக்கை ரேடியம். அணு எடை 226, ஈயத்தைவிடப் பெரிய அணு. அதே அச்சில் வார்த்தால் 24 கிராம்தான் வரும், இரும்பைவிடக் குறைவு.

ஆகவே தேர்வில் கேட்டால்: இயற்கையில் கணிசமாகக் கிடைப்பவற்றில் அணு எண்ணிலும் அணு எடையிலும் யுரேனியம் முதல், அணு எண் 92. அடர்த்தியில் முதல் அல்ல, தங்கத்துக்கும் ஒரு மயிரிழை கீழே. மதிப்பெண் கொடுக்காத ஆசிரியர் இருந்தால் என்னிடம் அனுப்புங்கள், ஈயக்குண்டு கதையைச் சொல்கிறேன்.

*

தங்கத்தோடு ஒத்த எடை என்றால், யுரேனியத்தின் மேல் தங்க முலாம் பூசி எங்களை ஏமாற்ற முடியுமா? தங்கத்தைவிட அரிதான பொருளா அது?
— நகைப் பட்டறை வைத்திருப்பவர், இராமநாதபுரம்

தொழில்காரர் கேள்வி! எடை மட்டும் பார்த்தால் ஏமாற்றலாம்தான், அண்ணாச்சி. தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், யுரேனியம் 19.05. ஆனால் திருடன் அந்த வழிக்குப் போகமாட்டான். டங்ஸ்டன் என்றொரு உலோகம் 19.25 இருக்கிறது, மின்விளக்கு இழைக்குப் போடுவது. கள்ளத் தங்கக் கட்டிக்குள் அதைத்தான் வைக்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஊதுகுழலைக் காட்டுங்கள். தங்கம் 1,064 டிகிரியில் உருகிவிடும். டங்ஸ்டனுக்கு 3,422 டிகிரி வேண்டும், உங்கள் பட்டறை உருகினாலும் அது உருகாது. யுரேனியம் 1,130 டிகிரிக்குச் சற்று மேல் உருகும், அந்த விஷயத்திலும் தங்கத்துக்குப் பக்கத்து வீடு. நிறம் மட்டும் வெள்ளி. அதுவும் அறுத்த புதிதில்தான். காற்றுப் பட்டுப் பட்டு மங்கிக் கறுத்துப்போகும். தூளாக்கினால் தானே தீப்பிடிக்கும். உங்கள் அரத்தை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

அரிதா என்று கேட்டதுதான் பெரிய கேள்வி. பூமியின் மேலோட்டுப் பாறையில் ஒரு டன் எடுத்தால் சராசரியாக யுரேனியம் இரண்டேமுக்கால் கிராம் அளவுக்கு இருக்கும். வெள்ளி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தங்கம் சில மில்லிகிராம். உங்கள் பெட்டியில் இருக்கும் வெள்ளிக் கொலுசைவிட யுரேனியம் முப்பது, நாற்பது மடங்கு தாராளமான சரக்கு. வெள்ளீயத்தோடு சமமாக நிற்கும். ஆனால் தங்கம் அங்கங்கே கட்டியாக, வரியாகச் சேர்ந்து கிடக்கும். யுரேனியம் எங்கும் தூவிவிட்ட மாதிரி பரவியிருக்கிறது. அதனால்தான் மனிதனுக்குத் தங்கம் ஆதிகாலத்திலேயே தெரிந்தது, யுரேனியம் 1789 வரை தெரியவில்லை. பெர்லினில் மார்ட்டின் கிளாப்ராத் என்பவர் ஒரு கறுப்புக் கனிமத்திலிருந்து அதைக் கண்டுபிடித்து, எட்டு வருடத்துக்கு முன்புதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கிரகத்தின் பெயரை வைத்தார். அவர் கையில் கிடைத்தது உலோகமே அல்ல, ஆக்சைடு. உலோகத்தைப் பிரித்தெடுக்க இன்னும் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

*

நாங்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறோம். கடலில் யுரேனியம் இருக்கிறது என்கிறீர்கள். உடம்புக்கு ஆகுமா? அதை எடுத்து விற்க முடியுமா?
— கடற்பாசி எடுக்கும் பெண்கள் குழு, மண்டபம் பக்கம்

உடம்புக்குப் பயப்படாதீர்கள், அம்மா. ஆயிரம் லிட்டர் கடல்நீரில் யுரேனியம் 3.3 மில்லிகிராம். குடிநீரில் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை ஆயிரம் லிட்டருக்கு 30 மில்லிகிராம். அந்த எல்லையில் பத்தில் ஒரு பங்குதான் கடலில். அந்த எல்லையையும் சிறுநீரகத்தை நினைத்து வைத்திருக்கிறார்கள். கதிரைவிட, ஈயத்தைப் போல ஒரு கன உலோக நஞ்சாகவே அது முதலில் வேலையைக் காட்டும். உங்களுக்குக் கெடுதல் செய்வது முள்ளும், கல் கீறிய புண்ணும், கண் எரிச்சலும், விலை குறைத்துக் கேட்கும் வியாபாரியும்தான்.

விற்பதைப் பார்ப்போம். ஒரு கிலோ யுரேனியம் வேண்டுமானால் முப்பது கோடி லிட்டர் கடல்நீர் வேண்டும். நம் ஊருக்கு வரும் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரியில் அள்ளினால் இருபத்தைந்தாயிரம் லாரி. தங்கம் இன்னும் மோசம்: பெருங்கடலில் ஒரு கிராமுக்குப் பத்துக் கோடி டன் தண்ணீர் என்ற கணக்கு. ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற ஜெர்மானியர், நோபல் பரிசு வாங்கியவர், முதல் உலகப் போரில் தோற்ற தன் நாட்டின் கடனை அடைக்க 1920களில் கடலிலிருந்து தங்கம் எடுக்கக் கப்பல் ஏறினார். பழைய கணக்குகள் தப்பு, தங்கம் நினைத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று தெரிந்ததும் கைவிட்டார்.

யுரேனியம் விஷயத்தில் அவ்வளவு அவநம்பிக்கை வேண்டாம். ஜப்பானியர்கள் அதற்கென்று பக்குவம் செய்த துணியைக் கடலில் தொங்கவிட்டு, யுரேனியத்தைப் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். உங்கள் மூங்கில் மிதவையில் பாசி கட்டித் தொங்கவிடுகிறீர்களே, ஏறக்குறைய அதே யோசனை. நீரோட்டம் தானாகச் சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கும், நாம் பம்பு போட வேண்டியதில்லை. சுரங்கத்து யுரேனியம் மலிவாகக் கிடைக்கும்வரை அது கட்டுப்படியாகாது, அவ்வளவுதான். உலகக் கடல் முழுவதிலும் சேர்த்து 450 கோடி டன் கரைந்து கிடக்கிறது.

பாசி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கடலில் அயோடின் லிட்டருக்கு 0.06 மில்லிகிராம்தான். ஆனால் சில பாசிகள் அதைப் பல்லாயிரம் மடங்கு சேர்த்து வைத்துக்கொள்ளும். 1811இல் பிரான்சில் பெர்னார் கூர்த்வா என்பவர் பாசிச் சாம்பலில் அமிலத்தை ஊற்றியபோது ஊதா நிறப் புகை எழுந்தது. அயோடின் அப்படித்தான் அகப்பட்டது. காசு உங்கள் பாசியில்தான் இருக்கிறது, யுரேனியத்தை விடுங்கள்.

*

எங்கள் வீடு என் பாட்டனார் பவளப்பாறைக் கல்லில் கட்டியது. பவளத்தில் யுரேனியம் உண்டு என்று என் மகன் போனில் படித்துவிட்டு, வீட்டை இடிக்கச் சொல்கிறான்.
— ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், தங்கச்சிமடம்

இடிக்காதீர்கள்! உங்கள் மகன் படித்தது உண்மை, முடிவு தப்பு. இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல அனுமதி கொடுங்கள். நான் எழுதிக்கொண்டிருக்கும் திண்ணைக்கு எதிரே அதே கல்லில் என் தாத்தா எழுப்பிய மதில் நிற்கிறது. உப்புக்காற்றில் பூச்சு உதிர்ந்து, தேன்கூடு மாதிரி கண் கண்ணாகத் தெரிகிறது. உள்ளே பூ இதழ் போலச் சின்னச் சின்ன நட்சத்திரத் தடம். ஒவ்வொன்றும் ஒரு உயிர் குடியிருந்த அறை. மழைக்காலத்தில் அதற்குள் எறும்பு முட்டை வைக்கும்.

உங்கள் கடிதம் வந்த அன்று நாடாவை எடுத்து மதிலை அளந்தேன். பன்னிரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம், நாற்பது சென்டிமீட்டர் தடிப்பு. விழுந்து கிடந்த ஒரு துண்டைச் சமையலறைத் தராசில் வைத்து (வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார், தராசை இரண்டு முறை கழுவினேன்) கல்லின் அடர்த்தியைக் கணக்குப் பார்த்ததில் மதில் மொத்தம் பத்து டன் சுமாருக்கு வந்தது. பவளம் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துக் கூடு கட்டும்போது, கரைந்திருக்கும் யுரேனியமும் கூடவே உள்ளே போய்விடும். டன்னுக்கு மூன்று கிராம் சுமார். ஆக, என் மதிலில் முப்பது கிராம் யுரேனியம். திரட்டி உருட்டினால் ஒரு கோலிக்குண்டு. பன்னிரண்டு மீட்டர் மதிலுக்கு ஒரு கோலிக்குண்டு!

இதே மதிலைக் கருங்கல்லில் கட்டியிருந்தால் கோலிக்குண்டு இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கும். அதோடு தோரியம் என்ற இன்னொரு கதிர்த் தனிமம் நூற்றுக்கணக்கான கிராமும், பொட்டாசியம் நூற்றுக்கணக்கான கிலோவும் அல்லவா வந்திருக்கும்! பொட்டாசியம் கருங்கல்லில் நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு. கோடிக்கணக்கான ஆண்டுப் பழைய கருங்கல்லில் யுரேனியம் சிதைந்து பிறந்த தனிமங்கள், பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று முழுக் குடும்பமும் குடியேறியிருக்கும். சுவரைத் தாண்டி வரும் காமா கதிரைத் தருவது பெரும்பாலும் அந்த வாரிசுகள்தான். பவளக்கல்லில் யுரேனியம் இளைஞர், குடும்பம் இன்னும் பெருகவில்லை. அவர் விடும் ஆல்ஃபா துகளை ஒரு தாளே தடுத்துவிடும். சுண்ணாம்புப் பூச்சுக்கு அது ஒரு வேலையே இல்லை.

இந்தக் குடும்பம் பெருகாத சங்கதிதான் பவளத்தின் பெருமை. பாறையில் யுரேனியத்தைவிடத் தோரியம் மூன்று, நான்கு மடங்கு அதிகம். கடலிலோ கணக்கு தலைகீழ். யுரேனியம் கார்பனேட்டோடு கூட்டுச் சேர்ந்து கரைந்து, லட்சக்கணக்கான ஆண்டுகள் கடலைச் சுற்றிக்கொண்டே இருக்கும். தோரியம் கரையாது, எந்தத் தூசி கிடைத்தாலும் ஒட்டிக்கொண்டு தரைக்குப் போய்விடும். எனவே உயிரோடு வளரும் பவளத்துக்குள் யுரேனியம் போகும், தோரியம் ஏறக்குறையப் போகாது. பிறகு பவளத்தில் தோரியம்-230 காணப்பட்டால் அது உள்ளே இருந்த யுரேனியம் சிதைந்து பிறந்ததுதான். எவ்வளவு பிறந்திருக்கிறது என்று எண்ணினால் பவளத்தின் வயது தெரிந்துவிடும். ஐந்து லட்சம் ஆண்டுவரை இப்படிக் கணக்குச் சொல்ல முடிகிறது. பழைய காலத்தில் கடல் எவ்வளவு உயரம் நின்றது என்று இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பங்கு இந்தப் பவளக் கடிகாரத்தால் வந்தது. நம் தீவிலும் இன்றைய கடல் மட்டத்துக்கு மேலே தூக்கி நிற்கும் பழம்பவளப் பாறைகளைக் கரையோரம் காணலாம். கடல் கொஞ்சம் உயர்ந்து நின்ற காலத்தில் வளர்ந்தவை.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். புதிதாக ஒரு துண்டு பவளத்தை மட்டும் கடலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தில் புலியோடு ஒரே பட்டியலில் இருக்கிறது.

*

எல்லாவற்றிலும் கொடிய கதிர் யுரேனியத்திலிருந்துதானே வருகிறது?
— வாசகி, கீழக்கரை

இல்லை, தங்கச்சி. கதிர்க் கூட்டத்தில் அது ஒரு சோம்பேறி. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும், பூமிக்கு ஏறக்குறைய அதே வயது. நிதானமாகச் செலவு செய்பவர் கையில் ஒரு நாளைக்கு எத்தனை காசு புழங்கும்? ஒரு கிராமில் ஒரு நொடிக்கு 12,400 அணுக்கள் சிதையும். பெரிய எண் மாதிரித் தெரியும். ஒரு கிராம் ரேடியத்தில் 3,700 கோடி. ஒரு கிராம் பொலோனியம்-210இல் 166 லட்சம் கோடி. அதன் அரை ஆயுள் வெறும் 138 நாள். தோரியம் யுரேனியத்தைவிடவும் சோம்பேறி, 1,400 கோடி ஆண்டு.

பட்டியலின் அடியில் பொட்டாசியம்: ஒரு கிராமுக்கு நொடிக்கு 31. அதை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் குடிக்கும் ஓர் இளநீரிலேயே அரை கிராம் பொட்டாசியம் இருக்கும். உங்கள் உடம்பில் நூறு கிராமுக்கு மேல். நீங்களும் நானும் நொடிக்கு நாலாயிரம் கதிர் விட்டுக்கொண்டே அடுத்தவரைக் குறை சொல்கிறோம்.

யுரேனியம்-238 எட்டு ஆல்ஃபா, ஆறு பீட்டா விட்டுவிட்டு, தோரியம், ரேடியம், ரேடான், பொலோனியம் என்று பல வேஷம் போட்டுக் கடைசியில் ஈயமாக ஓய்ந்துவிடும். உலகத்து ஈயத்தில் ஒரு பகுதி அப்படி வந்தது. வலையில் கோத்திருக்கும் குண்டில் முன்னாள் யுரேனியமும் கொஞ்சம் உண்டு. இந்த ஈயத்தை எண்ணித்தான் 1956இல் கிளேர் பேட்டர்சன் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்றார்.

*

கடற்கரையில் கறுப்பு மணல் வரி வரியாகக் கிடக்கிறது. யுரேனியமா?
— வாலிநோக்கம் வாசகர்

பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை ஒரு தாளில் சுற்றி மணலில் உரசுங்கள். துள்ளி ஒட்டுவது மேக்னடைட், இரும்பு ஆக்சைடு. ஒட்டாமல் அடம்பிடிக்கும் கறுப்பில் பெரும்பாலானது இல்மனைட். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தது, வெள்ளைப் பெயின்டுக்கு மூலப்பொருள். சிவப்பாக மின்னுவது கார்னெட். அலை லேசான மணலை அள்ளிக்கொண்டு போய்விடும், கனமானவை வரியாகத் தங்கிவிடும். முறத்தில் புடைக்கிற கதைதான். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிப் பக்கம் தேன் நிறத்தில் மோனசைட் கலந்திருக்கும். அதில் தோரியம் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பங்கு. யுரேனியம் ஒரு பங்குக்கும் கீழே.

*

பாம்பன் பாலத்தை யுரேனியத்தால் கட்டினால் துருப்பிடிக்காது அல்லவா?
— எட்டாம் வகுப்பு மாணவன், பாம்பன்

பிடிக்கும். இரும்பைவிட மோசமாக. ஆனாலும் உன் மாதிரி யோசித்த பெரியவர் ஒருவர் இருந்தார். பிரான்சின் எரிக் தபார்லி, 1973இல் தன் பந்தயப் பாய்மரப் படகின் அடிப்பாரத்துக்கு ஈயத்தை விட்டுவிட்டு யுரேனியத்தைப் போட்டார். கனம் அதிகம், இடம் குறைவு, படகு சாயாது. பிறகு பந்தயக்காரர்கள் அதைத் தடை செய்துவிட்டார்கள்.

*

எடையில் முதல் இல்லை, அரிதும் இல்லை, கதிரிலும் சோம்பேறி. அப்புறம் எதற்கு யுரேனியத்துக்கு இவ்வளவு மரியாதை?
— பழைய மாணவர், தொண்டி

மற்றக் கேள்விகள் அச்சுக்குப் போன பிறகு, அவற்றின் பதில்களை என்னிடமே போனில் கேட்டுவிட்டு, கடைசி நிமிடத்தில் இதை அனுப்பிய தம்பி இவர். பள்ளியிலும் இப்படித்தான், மணி அடிக்கும்போது கை தூக்குவார்.

எல்லா வரிசையிலும் நடுவில் நிற்பவர் ஒரே ஒரு வரிசையில் தனியாக நிற்கிறார், தம்பி. யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு அணு, 238ஐவிடச் சற்று லேசான யுரேனியம்-235 என்ற வகை. மெதுவாக வரும் ஒரு நியூட்ரான் இடித்தால் போதும், அது இரண்டாகப் பிளந்து, வேறு இரண்டு மூன்று நியூட்ரான்களை வெளியே விடும். அவை அடுத்ததை இடிக்கும். இயற்கையாகக் கணிசமான அளவில் கிடைக்கும் பொருள்களில் இந்தச் சங்கிலியைப் பிடிக்கத் தெரிந்தது இது ஒன்றுதான். தங்கத்துக்குத் தெரியாது, ஈயத்துக்குத் தெரியாது. தோரியத்துக்கும் நேரடியாகத் தெரியாது. அதற்கு நியூட்ரானை ஊட்டி யுரேனியம்-233 ஆக மாற்றிக்கொண்ட பிறகுதான் எரியும். கல்பாக்கத்தில் 1996இல் ஓடத் தொடங்கிய காமினி என்ற சின்ன உலை அந்த 233இல் ஓடுவதுதான். கூடங்குளத்தில் 235இன் பங்கைச் செயற்கையாகக் கூட்டிய யுரேனியம்.

கணக்கு வேண்டுமா? ஒரு கரி அணு எரிந்தால் கிடைக்கும் ஆற்றல் நான்கு எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் சின்ன அலகு). ஒரு யுரேனியம்-235 அணு பிளந்தால் இருபது கோடி. ஐந்து கோடி மடங்கு. ஒரு கிலோ 235 முழுவதும் பிளந்தால் மூவாயிரம் டன் நிலக்கரிக்குச் சமம்.

இதற்கு மனிதன்கூட வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவில் கபோன் நாட்டு ஓக்லோ சுரங்கத்தில் தோண்டிய தாதுவில் 235 கொஞ்சம் குறைவதை 1972இல் கண்டார்கள். ஏறக்குறைய இருநூறு கோடி ஆண்டுக்கு முன், 235இன் பங்கு இன்றையதைவிட நான்கைந்து மடங்கு இருந்த காலத்தில், நிலத்தடி நீர் ஊறியதும் பாறைக்குள் அணு உலை தானே பற்றிக்கொண்டிருக்கிறது. நீர் கொதித்து வற்றினால் அணைந்து, மறுபடி ஊறினால் பற்றி, லட்சக்கணக்கான ஆண்டு விட்டுவிட்டு எரிந்திருக்கிறது. உலை வைத்தவர் யாரும் இல்லை.

என் மதிலில் அது நடக்குமா என்று அடுத்த கடிதம் போடுவீர்கள், தெரியும். நடக்காது. முப்பது கிராமில் 235 கால் கிராமுக்கும் குறைவு, அதுவும் பத்து டன் சுண்ணாம்பில் சிதறிக் கிடக்கிறது. மதிலுக்கு இப்போதைக்கு ஆபத்து, பக்கத்து வீட்டு ஆடு ஏறி நிற்பதுதான்.